வேன் வீட்டில் அடுப்பு அணைந்துகொண்டே இருந்தால் எங்கே பார்ப்பது?

ஆரல்வாய்மொழி அருகே வேனை நிறுத்திச் சமைக்கும்போது சிலிண்டரில் எரிவாயு இருந்தும் அடுப்பு அடிக்கடி அணைவதாகவும், முட்டம் கடற்கரையில் சுடர் மஞ்சளாக எரிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

குளிரில் வாயு உறைவதாகக் கூறும் வெளிநாட்டுக் குறிப்புகளை ஒதுக்கிவிடலாம். சிலிண்டரில் உள்ள புரோப்பேன் -42 பாகை செல்சியஸிலும் பியூட்டேன் ஏறக்குறைய -0.5 பாகையிலுமே கொதித்து வாயுவாகிவிடுவதால், குமரி மாவட்டத்தின் வெப்பநிலையில் அந்தச் சிக்கலுக்கு இடமில்லை. காற்றாலைகளே நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் முதல் சந்தேகம் காற்றின் மீதுதான் விழ வேண்டும். வேனைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். மஞ்சள் சுடர் என்பது எரிவதற்குப் போதிய காற்று கலக்கவில்லை என்பதன் அடையாளம். மணலும் உப்பும் பர்னர் துளைகளை அடைத்திருக்கலாம். அவற்றைத் துலக்குங்கள், ஆனால் வாயு பாயும் சிறு முனையான ஜெட்டின் துளையை ஊசியால் பெரிதாக்கிவிடாதீர்கள். மஞ்சள் சுடரில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உருவாகக்கூடும் என்பதால் சுடர் சரியாகும்வரை மூடிய வேனுக்குள் சமைக்க வேண்டாம்.

உப்புக்காற்று ரெகுலேட்டரையும் இணைப்புகளையும் அரிக்கும். சோப்புநீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; தீக்குச்சியால் சோதிப்பது வேண்டவே வேண்டாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே வேனின் அடித்தளத்தில் வெளியேறும் துளை இருப்பது அவசியம். வாடை வந்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, அனைவரும் வெளியேறிய பின் தள்ளி நின்று 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.