கடலோர ஆய்வு நிலையங்கள்: வாசகர் கேள்விகள்

பாறசாலை வாசகர்: உலகின் முதல் கடல் உயிரியல் நிலையம் இத்தாலியின் நேப்பிள்ஸில்தானே?

இல்லை. பிரான்சின் கான்கார்னோவில் 1859-லேயே ஒன்று வந்துவிட்டது. நேப்பிள்ஸில் 1872-இல்தான் கட்டடமே எழும்பத் தொடங்கியது.

அவரே மறுபடியும்: பிறகு ஏன் எல்லோரும் நேப்பிள்ஸையே சொல்கிறார்கள்?

அதைத் தொடங்கிய ஆன்டன் டோர்னுக்குக் காசு புரட்டத் தெரிந்திருந்தது. ஆய்வு மேசைகளை வாடகைக்கு விட்டார். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஆண்டு வாடகை கட்டி ஆளை அனுப்பின. போய் உட்கார்ந்தால் போதும், கேட்ட பிராணி உயிரோடு வந்து சேரும். நிலையத்திலேயே இருந்த மீன்காட்சியகத்தின் டிக்கெட் பணம் தனி.

பூவாறு வாசகர்: நான் அனுப்பிய படத்தில் உள்ள மீன் எது?

வாலை வெட்டிப் படம் எடுத்திருக்கிறீர்கள். எங்கே, எப்போது பிடிபட்டது என்று ஒரு வரி இல்லை. இடமும் தேதியும் இல்லாத மாதிரி ஆய்வுக்கு உதவாது. எத்தனை முறை எழுதுவது?

நெய்யாற்றின்கரை மாணவி: கணவாயை அறுத்து மனிதனுக்கு என்ன லாபம்?

அதன் பெரிய நரம்பிழை சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். மின்முனையை உள்ளேயே செலுத்திவிடலாம். நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் நிலையத்தில் அதை வைத்தே பிடித்தார்கள். 1963-இல் நோபல். பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி வேலை செய்யும் விதமும் அந்த வழியில் விளங்கியதுதான்.

கொல்லங்கோடு வாசகர்: சாளை (மத்தி மீன்) அடியோடு ஒழிந்துவிட்டது. துறைமுகத்தில் மீனை எண்ணிக்கொண்டு நிற்பவர்களுக்கு எதற்குச் சம்பளம்?

ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது, பக்கத்து வீட்டாரா? கேரளத்தில் 2012-இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கரைக்கு வந்தது. 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன். 2023-இல் மறுபடி சுமார் 1,40,000. 1940-களிலும் சாளை இப்படித்தான் காணாமல் போய்த் திரும்பியது. இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரிந்தது? நீங்கள் கேலி செய்யும் அந்த ஆட்கள், குறித்த நாட்களில் குறித்த துறைகளில் படகுகளைப் பார்த்து எழுதியதால்தான். எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறார்கள். காரணம் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவா, குஞ்சு மீனை அள்ளியதா என்று வாதாடக்கூட அந்த ஏடு வேண்டும். புதிய கருவி வாங்கினால் நாடா வெட்ட ஆள் வருகிறது; ஐம்பது வருட ஏட்டில் ஒரு வருடம் விட்டுப்போனால் கேட்க நாதியில்லை. விட்ட வருடத்தை எந்தக் கருவியாலும் திரும்ப அளக்க முடியாது. விழிஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு சம்பளக் கணக்குப் பேசலாம்.

களியக்காவிளை ஆசிரியர்: மாணவர்கள் கரையில் சேகரிக்கலாமா?

உயிருள்ளவை வேண்டாம். பவளம், கடல் அட்டை, சில சங்கு வகைகள் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன. செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. படம் எடுக்கட்டும், வாலோடு. இடம், தேதி எழுதட்டும்.