கீழ்வீட்டு சிகரெட் புகை: யார் மேல் வழக்கு?

கேள்வி: சென்னையில் 12 வீடுகள் உள்ள அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்கு வீசிங். நேர் கீழ்வீட்டுக்காரர் (அவரும் சொந்த வீடுதான்) தினமும் படிக்கட்டிலும் தன் பால்கனியிலும் சிகரெட் பிடிக்கிறார். கேட்டால் "என் வீடு, என் காசு" என்கிறார். சங்கச் செயலாளர் அவருக்கு நண்பர். வெறுத்துப்போய் நான்கு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. அவர் பிடிப்பதைப் படமெடுத்து "என் பிள்ளையைக் கொல்லும் ஆள்" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் பால்கனியிலிருந்து கீழே பார்க்கும்படி கேமராவும் வைத்திருக்கிறோம். படியில் இருமுறை வாய்ச்சண்டை ஆகிவிட்டது. மாமனாருக்கும் பழக்கம் உண்டு, ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போது மொட்டைமாடிக்குப் போய்த்தான் பிடிப்பார். என்ன வழக்குப் போடலாம்?

பதில்: செயலாளர் யாருக்கு நண்பர், கீழ்வீட்டுக்காரர் எப்படிப் பேசினார் என்பதெல்லாம் வழக்குக்கு உதவாது. சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் எந்த இடத்தில் நின்று புகைக்கிறார்?

பால்கனி அவருடைய வீடு. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத்தான் தடுக்கிறது. வீட்டுக்குள் அது வராது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தடை உத்தரவைப் பலர் நோட்டீசில் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரங்கம், பேருந்து, ரயில் எல்லாம் உண்டு, வீடு இல்லை.

படிக்கட்டு வேறு விஷயம். உரிமையோடோ உரிமையில்லாமலோ பொதுமக்கள் வந்துபோகும் இடம் பொது இடம் என்கிறது அதே சட்டம். பால்காரரும் கூரியர்காரரும் வீட்டுவேலை செய்பவர்களும் ஏறி இறங்கும் படிக்கட்டு அதில் அடங்கும் என்று வலுவாக வாதாடலாம். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பணியிடத்தையும் சேர்த்திருப்பதால், அந்தப் படியைக் கூட்டித் துடைக்கும் பணியாளரும் உங்கள் வாதத்துக்கு உதவுவார். எதிர்த்தரப்பு "தனியார் கட்டடம்" என்று சொல்லும். கட்டடத்தில் ஒரு கிளினிக்கோ டியூஷனோ நடந்தால் அந்தப் பதில் எடுபடாது.

ஆனால் இந்தக் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கட்டிவிட்டால் அதோடு முடிந்தது. மறுநாள் அதே படியில் நிற்பார். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றம் என்பதால் ஆறு மாதத்துக்கு முந்தைய சம்பவத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. அப்படியென்றால் புகார் வீணா? இல்லை. 200 ரூபாய் ரசீதின் மதிப்பு தண்டனையில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன இடத்தில் இவர் புகைத்தார் என்று ஓர் அதிகாரி எழுதித் தந்த ஆவணம் அது. பின்னால் உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தில் தடையாணை, அதாவது இனி இப்படிச் செய்யக் கூடாது என்ற உத்தரவு, கேட்கும்போது, உங்கள் வாய்வார்த்தையைவிட அது பேசும்.

காற்றைக் கெடுத்ததாக பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 280-இல் புகார் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் வசிக்கும் பொதுவான மக்களுக்குக் கெடுதல் வந்தால்தான் அந்தப் பிரிவு. ஒரு வீட்டுக் குழந்தைக்காக அது நிற்காது.

தடையாணை வழக்கில் இத்தகையோர் சறுக்கும் இடம் இதுதான். புகை கெடுதல் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தைகளின் ஆஸ்துமாவை அது கிளப்பும் என்பதை எந்த நீதிபதியும் மறுக்கமாட்டார். நிரூபிக்க வேண்டியது, அவர் விட்ட புகை உங்கள் பிள்ளையின் அறையை எட்டியது, அதனால் வீசிங் வந்தது என்பதை. டாக்டர் சீட்டில் "வீசிங்" என்று மட்டும் இருந்தால் போதாது. புகையிலைப் புகை பட்டபின் அதிகமாகிறது என்று, தேதியோடு, அவர் எழுதியிருக்க வேண்டும். நெபுலைசர் வைத்த இரவுகளைக் குறித்த நோட்டு வேண்டும். அதே புகையால் அவதிப்படும் இன்னொரு வீட்டுக்காரர் சாட்சி சொன்னால் வழக்குக்கு உயிர் வரும்.

குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் யாராவது புகைப்பார்களா?" மாமனாரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். மாடியில் பிடித்தாலும் சட்டையிலும் மூச்சிலும் புகையோடுதான் இறங்கி வருகிறார். இரண்டாவது கேள்வி கொசுவர்த்தி, மூன்றாவது சாம்பிராணி. மூன்றுமே குழந்தையின் நெஞ்சை இறுக்கக்கூடியவை. இவற்றை இன்றே நிறுத்துங்கள், முதலில் பிள்ளைக்காக.

அடுத்தது, நீங்களே கீழ்வீட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கும் வழக்குகள். இந்தத் தகராறுகளில் புகைத்தவர் 200 ரூபாயோடு போய்விடுவார், புகார் கொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். காரணம் அந்தப் படிக்கட்டுச் சண்டை. அவர் ஸ்டேஷனுக்குப் போனால் பி.என்.எஸ். 296(பி), 351(2), கை பட்டிருந்தால் 115(2) என்று எழுதிக்கொடுப்பார். 296(பி) ஆபாச வார்த்தைக்கானது, பொது இடத்தில் பேசியிருந்தால்தான் பொருந்தும். படிக்கட்டு பொது இடம் என்று நீங்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும். 351(2) மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு நீதிமன்றக் கோப்பில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்கக்கூட நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும்.

"கொல்லும் ஆள்" என்ற பதிவு அவதூறு: பி.என்.எஸ். 356, அதற்கும் இரண்டு ஆண்டு வரை. நீக்குங்கள். நீக்கிவிட்டு விளக்கம் எதுவும் எழுதாதீர்கள், அது இன்னொரு ஆவணமாகும். அவர் பால்கனியைப் பார்க்கும் கேமரா இன்னும் மோசம். அந்த வீட்டுப் பெண்கள் துணி காயப்போடும் இடம் அது. அவர்கள் தரப்பில் பி.என்.எஸ். 77-ஆம் பிரிவில் (பெண்களின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பது, படமெடுப்பது) ஒரு புகார் போனால், அது கடைசியில் நிற்காமல் போகலாம், ஆனால் விசாரணை நடக்கும், உங்கள் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கேமராவை உங்கள் வாசலைப் பார்க்கத் திருப்புங்கள். வாசலில் தெரியும் படிக்கட்டுக் காட்சியே போதும். அதைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும், அது இல்லாத காட்சியை யாரும் பார்க்கப்போவதில்லை.

மெயின்டனன்ஸ் பாக்கியை இந்த வாரமே கட்டுங்கள். பாக்கி வைத்தவர் என்ற ஒரே காரணத்தால் சங்கம் உங்கள் மனுவை ஒதுக்கும், வட்டியோடு வசூலிக்க வழக்கும் போடும். கட்டிய பிறகு சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: ஒவ்வொரு தளத்திலும் 60-க்கு 30 சென்டிமீட்டர் புகைத்தடைப் பலகை வைக்க வேண்டும், புகார் யாரிடம் சொல்வது என்று அதில் பெயர் இருக்க வேண்டும். பொறுப்பாளரிடம் சொல்லியும் அவர் சும்மா இருந்தால் அபராதம் அவர் தலையிலும் விழும் என்கிறது 2008 விதி. நண்பராக இருந்தாலும் செயலாளர் அதற்கு மேல் கண்ணை மூடிக்கொள்வது கடினம்.

ஸ்டேஷனுக்குப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்காமல் வராதீர்கள். "இனி தகராறு செய்ய மாட்டேன்" என்று இருவரிடமும் எழுதி வாங்குவார்கள். சண்டை போட்டதை ஒப்புக்கொள்ளும் வாசகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இத்தனையும் சொன்னபின் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். தடையாணை வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும், பிள்ளைக்கு மூச்சு இன்றைக்கு வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம். அங்கே எழுதும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேறும், மேல்முறையீடு கிடையாது. கேட்க வேண்டியது "புகைக்கக் கூடாது" என்றல்ல. அதற்கு அவர் ஒப்பமாட்டார். படிக்கட்டில் அறவே இல்லை. பிள்ளையின் அறைக்குக் கீழே உள்ள பால்கனியில் இரவு 8 முதல் காலை 8 வரை இல்லை. மொட்டைமாடியில் படிவாசலுக்கு எதிர் மூலை அவருக்கு. பதிலுக்குப் பழைய சண்டை குறித்து இரு தரப்பும் புகார் கொடுப்பதில்லை. அந்த மூலை உங்கள் மாமனாருக்கும் பொருந்தும் என்பதையும், பிடித்த பிறகு சட்டை மாற்றாமல் அவர் பிள்ளையைத் தூக்குவதில்லை என்பதையும் நீங்களாகவே முதலில் எழுதிக் கொடுங்கள்.