பூனைமுடியும் பிளேடும்: வாசகர் கேள்வி – பதில்

முகத்திலுள்ள பூனைமுடியையும் மேல்தோலில் ஒட்டியிருக்கும் இறந்த செல்களையும் ஒற்றை பிளேடால் வழித்தெடுப்பதற்கு டெர்மாபிளேனிங் என்று பெயர். சேலத்துப் பார்லர்களின் விலைப்பட்டியலில் த்ரெட்டிங், ஃபேஷியலுக்குப் பக்கத்தில் இதுவும் ஏறிவிட்டது. இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

நான் முகத்துக்கென்று வாங்கிய ரேசரை அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். “பொம்பளப்புள்ள மூஞ்சில பிளேடு பட்டா தாடி மீசை மொளைக்கும்” என்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

முளைக்காது. முடியின் தடிப்பு, நிறம், வளரும் வேகம் மூன்றையும் முடிவு செய்வது தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பை. பிளேடு வெட்டுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை மட்டும். அந்தத் தண்டுக்கு உயிர் கிடையாது. மேலே வெட்டியது கீழே வேருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரட் டிராட்டர், சவரம் செய்த ஆண்களின் முடியை அளந்து பார்த்து, தடிப்பும் வேகமும் சவரத்தால் கூடவில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார்.

ஆனாலும் அம்மாவுக்கு அப்படித் தோன்றுவதில் ஒரு நியாயம் உண்டு. கத்தி படாத பூனைமுடியின் நுனி ஊசிபோல மெலிந்திருக்கும். வெட்டிய பிறகு மேலே வருவது மழுங்கிய அடிப்பகுதி. புல்லை மட்டமாக வெட்டிவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் குத்துமே, அதே கதைதான்: முடி அதேதான், முனை மட்டும் வேறு. இன்னொன்று, பையன்கள் மீசையை வழிக்கத் தொடங்குவது 16, 17 வயதில். அந்த வயதில் வழித்தாலும் வழிக்காவிட்டாலும் மீசை அடர்ந்தே தீரும். பழி பிளேடின் தலையில் விழுந்துவிட்டது.

ரேசரைத் திரும்ப வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று கண்ணாடி பாருங்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது மட்டும் மினுங்கித் தெரிந்து, நேர் வெளிச்சத்தில் மறைந்துவிட்டால் அது பூனைமுடி. 2 மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. நேராகப் பார்க்கும்போதே கறுப்பாக, ஒன்று இரண்டு என்று எண்ண முடிந்தால் அது தடித்த முடி. டெர்மாபிளேனிங் முன்னதற்கு. பின்னதை வழித்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் இரண்டாம் நாளே முள்முள்ளாய்க் கைக்குத் தட்டுப்படும்.

பார்லரில் செய்வதும், கடையில் விற்கும் சின்ன ரேசரால் வீட்டில் செய்வதும் ஒன்றா? பார்லரில் பல மடங்கு அதிகம் கேட்கிறார்களே?
– அலுவலகப் பணியாளர், அஸ்தம்பட்டி

ஒன்றல்ல. தோல் மருத்துவமனையில் பயன்படுத்துவது அறுவைச் சிகிச்சை பிளேடு, பெரும்பாலும் 10-ஆம் எண். வயிற்றுப்பக்கம் வளைந்த, தடுப்பில்லாத பிளேடு அது. பழகிய கையில் முடியோடு மேல்தோலின் இறந்த அடுக்கும் சீராக உரிந்து, சாம்பல் நிறத் தூளாகப் பிளேடில் சேரும். வீட்டு ரேசரில் பிளேடின் விளிம்பையொட்டிப் பல்பல்லாகத் தடுப்பு இருக்கும். ஆழமாக வெட்டாது; இறந்த தோலையும் குறைவாகவே எடுக்கும். பூனைமுடி போனால் போதும் என்பவருக்கு அதுவே தாராளம்.

பார்லருக்குப் போனால் விலையை விடப் பிளேடைக் கவனியுங்கள். புதிய பிளேடின் உறையை உங்கள் கண்ணெதிரே கிழிக்க வேண்டும். முடிந்ததும் அது குத்துப்படாத கடினமான டப்பாவுக்குள் போக வேண்டும். “ஸ்பிரிட்ல தொடச்சிட்டேன்க்கா” என்பதை ஏற்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக்கூட ஹெபடைடிஸ் பி, சி பரவ முடியும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்தால் கத்தி சுத்தமாகிவிடாது. கையுறையும் போடாமல் உறையும் கிழிக்காமல் ஆரம்பித்தால், நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை

இரவில் செய்யுங்கள். காலையில் செய்துவிட்டு உடனே சேலத்து வெயிலில் இறங்குவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு.

நுரை குறைந்த ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் உலர விடுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் கடைசிக் கழுவலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் தோலில் வெள்ளைப் படிவு நிற்கும். பிளேடு அதில் தடுக்கித் தடுக்கி ஓடும். முகம் வறண்ட வாகு என்றால் கற்றாழை ஜெல்லை மிக மெலிதாகப் பூசலாம். சேவிங் ஃபோம் வேண்டாம், எங்கே முடி இருக்கிறது என்பதையே அது மறைத்துவிடும்.

முடியைக் கிளிப் போட்டு முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். வலது கன்னத்தில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இடது கையின் இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்து, தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். இந்த இழுப்புத்தான் பாதி வேலை. தோல் தளர்ந்திருந்தால் பிளேடின் முன்னால் மடிப்பு விழும், மடிப்பில்தான் வெட்டு விழும். ரேசரை முதலில் தோலோடு படுக்க வைத்து, பிறகு பாதி நிமிர்த்துங்கள். 45 பாகை என்பது அதுதான். அதற்கு மேல் நிமிர்த்தினால் சுரண்டும், கீழே சாய்த்தால் முடி மேல் வழுக்கிப் போகும். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதாவது கன்னத்தில் மேலிருந்து கீழாக, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் மட்டும் இறக்குங்கள். அழுத்தம் என்பதே வேண்டாம், ரேசரின் எடை போதும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை பிளேடைப் பஞ்சில் துடையுங்கள்.

பிளேடை ஒருபோதும் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். கன்னம் முடித்து மேலுதட்டுக்குப் போகும்போதுதான் கை தானாக அப்படித் திரும்பும். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, மூக்கின் கீழிருந்து உதடு வரை செங்குத்தாகவே இறக்குங்கள். மூக்கு மடிப்பு, கண் இமை, குரல்வளை மேடு மூன்றையும் விட்டுவிடுங்கள். தாடை எலும்பின் விளிம்பில் தோலை எலும்புக்கு மேலே கன்னப்பக்கம் இழுத்துக்கொண்டு வழியுங்கள். எலும்பின் மேலேயே வழித்தால் கீறும்.

ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போகாதீர்கள். ஒரு முடி விட்டுப்போயிருந்தால் போகட்டும். மூன்றாவது, நான்காவது இழுப்பில் போவது முடியல்ல, தோலின் காப்பு அடுக்கு. மறுநாள் எரிச்சலும் சிவப்பும் வருவது அதனால்தான். கிருதாவைக் கோடு போட்டதுபோல நிறுத்தினால் தூரத்திலிருந்தே தெரியும். அங்கே இழுப்பை இலேசாக்கி, முடிக்காமல் பாதியில் விடுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். அன்று மஞ்சள் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், ஸ்க்ரப் வேண்டாம், ப்ளீச் நிச்சயமாக வேண்டாம். வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட் வகைகளுக்கு மூன்று நாள் விடுமுறை. ட்ரெட்டினாய்ன், அடாபலீன் போன்ற பருக் களிம்பு பூசுபவர்கள் முன்னால் ஒரு வாரமும் நிறுத்த வேண்டும். ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடும் காலத்தில் பிளேடைத் தொடவே கூடாது; முடித்தபின் எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். சீழ்ப்பரு, உதட்டோர அக்கி, கரப்பான் இருக்கும்போதும் கூடாது. அடுத்த முறைக்கு மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

செய்து பத்து நாள் ஆகிறது. கன்னத்து மேட்டில் கறுத்துப் போய்விட்டது. இங்கே வெயிலே இல்லை, பாதி நாள் பனிமூட்டம்தான். பிறகு எப்படி?
– தங்கும் விடுதிப் பணியாளர், ஏற்காடு

வெயிலின் சூடுதான் அங்கே இல்லை. புற ஊதாக் கதிர் இருக்கிறது, சேலத்தை விடக் கூடுதலாகவே. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வருவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள். மேகமும் மூட்டமும் சூட்டைத் தடுக்கும் அளவுக்குக் கதிரைத் தடுக்காது. இறந்த அடுக்கு வழிக்கப்பட்ட தோலில் அது நேராக இறங்கும்.

நம் மாதிரி மாநிறத் தோலுக்கு ஒரு குணம்: எங்கே எரிச்சல் பட்டதோ அங்கே கறுப்பைக் கொட்டும். கொசுக்கடி ஆறியும் தழும்பு கறுத்து நிற்கிறதே, அதே வேலைதான் இது. உங்களுக்குக் கன்ன மேட்டில் மட்டும் வந்திருப்பதைப் பார்த்தால், எலும்பு புடைத்த அந்த இடத்தில் பலமுறை வழித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

இரண்டு மூன்று மாதம் பிளேடு, ஸ்க்ரப், ஃபேஷியல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலையில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். பட்டாணி அளவு போட்டால் பாட்டிலில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வெளியில் வேலையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மலைக்காற்று தோலை வறளடிக்கும் என்பதால் இரவில் மாய்ஸ்சரைசர் அவசியம். பெரும்பாலும் தானாக மங்கிவிடும். மூன்று மாதத்தில் மங்கத் தொடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயது 26. முகவாய்க்கட்டையில் கறுப்பாக, தடிப்பாக முடி வருகிறது. மாதவிலக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். டெர்மாபிளேனிங் செய்தால் சரியாகுமா?
– வாசகி, ஆத்தூர்

வழித்துக்கொள்ளலாம், தப்பில்லை; ஆனால் சரியாகாது. நீங்கள் எழுதிய இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். முகவாய்முடியும் தள்ளிப்போகும் மாதவிலக்கும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்னும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும் எழுதுவார்கள். ஹார்மோன் பரிசோதனையைப் பொதுவாக மாதவிலக்கின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள் எடுப்பது வழக்கம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவு, தோல் பிரிவு இரண்டுமே உண்டு.

மாத்திரை ஆரம்பித்தாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதம் ஆகும். முடியின் வளர்ச்சிச் சுற்று அவ்வளவு மெதுவானது. லேசர் உங்கள் வகை முடிக்குப் பொருந்தும், ஏனென்றால் அது பிடித்துக்கொள்வது முடியின் கறுப்பை. அதனால்தான் பூனைமுடிக்கு லேசர் வீண். லேசர் பட்டு முகத்தில் சிலருக்கு மெல்லிய முடி தடித்துவிட்டதும் உண்டு. பிளேடைப் பற்றி அம்மாக்கள் பயப்படுவது உண்மையில் லேசருக்குத்தான் கொஞ்சம் பொருந்தும்!

சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கனத்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகு க்ரீமை ஒரு வருடமாகப் பூசுகிறேன். இப்போது கன்னமெல்லாம் பூனைமுடி. வெயில் பட்டால் எரிகிறது. பிளேடு போடலாமா?
– வாசகி, சூரமங்கலம்

போடாதீர்கள். டியூபைத் திருப்பி மருந்துப் பெயரைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளம் சிவப்புக் கோடாகத் தெரியும், பூனைமுடி அடரும். மெலிந்த தோலில் பிளேடு வைத்தால் கிழியும். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து கொப்பளிக்கக்கூடும் என்பதால், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக எப்படி விடுவது என்று அவர் சொல்வார். நிறுத்தியபின் சில மாதங்களில் அந்த முடி பெரும்பாலும் குறையும்.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மேலுதட்டில் முடி. பள்ளியில் கேலி செய்கிறார்களாம். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசினால் உதிருமா?
– ஒரு தாய், குகை

வேர்ப்பை வரை அந்த விழுது போகாது. காய்ந்ததும் தேய்த்து எடுக்கும்போது நாலு முடி அறுந்து வரும், அவ்வளவுதான். பச்சை இலைச்சாறு சில குழந்தைகளுக்குத் தடிப்பும் அரிப்பும் கொடுக்கும். இந்த வயதில் பூனைமுடி இயல்பு. அவளே கேட்டால் மட்டும், தடுப்புள்ள சின்ன ரேசரால் நீங்கள் வழித்துவிடுங்கள். கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வைகாசியில் கல்யாணம். எப்போது செய்யலாம்?
– மணப்பெண், ஓமலூர்

முதல் முறையை ஒன்றரை மாதம் முன்பே செய்து பாருங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆற நேரம் இருக்கும். கடைசி முறை நலங்குக்கு மூன்று நாள் முன். முந்தின நாள் வழித்துவிட்டு மறுநாள் நலங்கு மாவு தேய்த்தால் முகம் தீயாக எரியும். மேக்கப் திட்டுத்திட்டாக நிற்காமல் சமமாகப் படியும் என்பது உண்மையான லாபம். மங்கு எனும் கருந்திட்டும், பருத்தழும்புக் குழியும் இதனால் போகாது.

கன்னத்தில் கடுகு அளவில் தட்டையாகச் சில மருக்கள் இருக்கின்றன. மேலேயே வழிக்கலாமா?
– வாசகி, கொண்டலாம்பட்டி

கூடவே கூடாது. தட்டை மரு வைரஸால் வருவது. பிளேடு அதன் மேல் போனால் போன வழியெல்லாம் விதைத்ததுபோல வரிசையாக முளைக்கும். முதலில் மருவுக்கு மருத்துவம்.

ஒரு ரேசரை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?
– வாசகி, மேட்டூர்

இரண்டு, அதிகம் போனால் மூன்று. இழுக்கும்போது முடி பிடுங்குவதுபோல உணர்ந்தால் முதல் தடவையே என்றாலும் மாற்றுங்கள். குளியலறை ஈரத்தில் வைக்காமல் துடைத்து, மூடி போட்டு அலமாரியில் வையுங்கள். அக்காள் தங்கையாக இருந்தாலும் ஆளுக்கொன்று. தூக்கிப் போடும்போது பழைய மாத்திரை டப்பாவில் போட்டு டேப் ஒட்டி, காய்கறிக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிக்கிறவர்கள் பலநேரம் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள்.