சிறிய குழுவுக்கு ஜிராவில் எத்தனை வகை டிக்கெட் வைக்கலாம்?

வேலைகளை டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான ஜிராவில் ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய வசதி), பக் (பிழை), டாஸ்க் (மற்ற வேலை) போதுமா, எங்கள் வேலைக்கு ஏற்றபடி புது வகைகள் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக லீடு ஆகியிருப்பீர்கள், அட்மின் உரிமையும் கைக்கு வந்திருக்கும். நானும் அப்படித்தான் ஒரு நாள் உட்கார்ந்து 14 வகை உருவாக்கினேன்.

மதுரையில் நாங்கள் ஏழு பேர். கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள். சேஞ்ச் ரெக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை), டேட்டா திருத்தம், சட்ட மாற்றம் என்று போய் பிரின்டர் பிரச்சினைக்குக்கூடத் தனி வகை வைத்திருந்தேன். அதற்கு ஐகான் தேடவே அரை மணி நேரம்.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆன நாள். கடை திறந்ததும் ஓர் அண்ணாச்சி போன் பண்ணிவிட்டார். "தம்பி, நெய்க்கு இன்னும் பன்னெண்டுதான்யா விழுகுது, வாங்க வர்றவன் எல்லாம் சண்டைக்கு நிக்கிறான்." சப்போர்ட்டில் இருந்த அக்கா அதை பக் என்று போட்டார். புரோகிராம் எழுதிய பையன், "அரசாங்கம் மாத்துனா அது என் பக்கா?" என்று சேஞ்ச் ரெக்வெஸ்ட் ஆக்கினான். அந்த வகைக்கு ஒப்புதல் வேண்டும் என்று ஒரு படி வைத்திருந்தேன், என் புத்தி. ஒப்புதல் தர வேண்டியவரோ திருமங்கலத்தில் ஒரு விசேஷ வீட்டில். டெஸ்டர் வந்து சட்ட மாற்றம் என்று மாற்றினார். மதியம் வரை அண்ணாச்சி கையால்தான் பில் எழுதினார். உண்மையான வேலை பத்து நிமிடம்: வரி அட்டவணையில் புது விகிதம், அமலாகும் தேதி. பழைய பில்லின் சரக்கு திரும்பி வந்தால் 12தான் போக வேண்டும் என்பதால் தேதி முக்கியம்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஆள்வாரியாக பக்கை எண்ணித்தான் எங்களுக்கு அப்ரைசல். சம்பளத்தைப் பற்றிப் பேசினால், "மதுரையிலதானே இருக்கீங்க, செலவு கம்மிதானே" என்பார்கள். வீட்டு வாடகையை வந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலும் மொபைல் ரீசார்ஜும் மதுரைக்கென்று தனி விலையிலா வருகிறது? சரி, விடுங்கள்.

இப்போது எபிக் (பல ஸ்டோரிகள் சேர்ந்த பெரிய வேலை), ஸ்டோரி, பக், டாஸ்க் மட்டும்தான். டிக்கெட் போகிற வழி வேறாக இருந்தாலோ, நிரப்ப வேண்டிய ஃபீல்டுகள் வேறாக இருந்தாலோதான் புது வகை. பக்குக்கு எந்த வெர்ஷன், என்ன செய்தபோது வந்தது என்று கேட்டாக வேண்டும். ஸ்டோரிக்கு அது தேவையில்லை. வெறும் எண்ணிக்கை பார்க்கத்தான் என்றால் லேபிள் (டிக்கெட்டில் ஒட்டும் குறிச்சொல்) போதும்.

பெரிய கம்பெனியில் இது நடக்குமா என்று யாராவது கமென்ட்டில் வருவீர்கள். தெரியும். ஜிரா போன்ற மைக்ரோசாஃப்ட் டூலான அஸ்யூர் டெவ்ஆப்ஸில், எல்லாவற்றையும் முறைப்படி பதிய வேண்டிய குழுக்களுக்கான சிஎம்எம்ஐ டெம்ப்ளேட்டில் சேஞ்ச் ரெக்வெஸ்ட், ரிவ்யூ, ரிஸ்க் எல்லாம் தனி வகைகளாகவே வருகின்றன. அதே டூலின் பேசிக் டெம்ப்ளேட்டில் எபிக், இஷ்யூ, டாஸ்க் என்று மூன்றே மூன்றுதான். நான் ஏழு பேர் குழுவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பிரின்டர் வகையை மட்டும் இன்னும் தூக்கவில்லை. அழிக்கப் போனால், உள்ளே கிடக்கும் டிக்கெட்டுகளை எந்த வகைக்கு மாற்றுவது என்று ஜிரா கேட்கிறது. அக்கா பக் என்கிறார், பையன் டாஸ்க் என்கிறான்.