வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களைக் காப்பது எப்படி?

கேள்வி: என் பெரியப்பாவின் சேகரிப்பிலிருந்து ஒரு சாண் உயரமுள்ள இரண்டு மரச் சிற்பங்கள் எனக்கு வந்துள்ளன. முகங்கள் மூக்கே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. மடிப்புகளில் செந்நிறத் தூளும் கொண்டையில் நீலமும் அடைந்திருக்கின்றன. கழுவித் துடைத்து, ஆளி விதை எண்ணெய் பூசலாமா? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: தயவுசெய்து கழுவாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். படங்களைப் பார்த்தவரை இவை நைஜீரியாவின் யொருபா மக்கள் செய்யும் 'இபெஜி' என்னும் இரட்டையர் சிற்பங்களாகத் தோன்றுகின்றன. உலகிலேயே இரட்டைப் பிள்ளைகள் மிக அதிகமாகப் பிறக்கும் மக்களில் யொருபாக்களும் அடங்குவர். இரட்டையரில் ஒரு குழந்தை இறந்துவிட்டால், அதற்காகச் சிறு உருவம் ஒன்றைச் செதுக்கச் செய்து, அதைக் குளிப்பாட்டி, உணவூட்டி, செம்மரத்தூள் பூசித் தாய் பேணுவது அவர்களுடைய வழக்கம். நீங்கள் அழுக்கென்று கருதும் அந்தச் சிவப்பு, ஒரு தாய் தன் கையால் பூசியது. கொண்டையில் இருப்பது அவுரி நீலமாகவோ, பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்த சலவை நீலமாகவோ இருக்கலாம். மூக்கு தேய்ந்தது பல ஆண்டுகள் முகத்தைக் கழுவி ஊட்டியதால். இவற்றை நீக்கினால் மிஞ்சுவது மரக்கட்டை மட்டுமே.

ஆளி விதை எண்ணெய் காற்றுபட்டு இறுகி, நாளடைவில் கறுத்துப் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதை எடுக்க முயன்றால் அடியில் உள்ள பழைய படலமும் சேர்ந்தே வந்துவிடும். மென்மையான இயற்கை மயிர்த் தூரிகையால் தூசியை மெல்லத் தட்டி, வாயில் வலைத்துணி கட்டிய, உறிஞ்சும் வேகம் குறைத்த வாக்குவம் கிளீனரின் பக்கம் தள்ளிவிடுவது போதும். முகத்தில் வெண்களிமண் பூசிய முகமூடிகளுக்கு அந்தத் தூரிகையும் ஆபத்தே, ஏனெனில் அந்த வெள்ளை பெரும்பாலும் மரத்தில் இறுகப் பற்றியிருப்பதில்லை. அன்போடு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கப்பட்டு, பாதி முகம் வெறும் மரமாகிப்போன முகமூடி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடியவில்லை. காங்கோ மக்களின் ஆணி அடித்த 'என்கிசி' உருவங்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு ஆணியும் ஒரு சத்தியத்தையோ உடன்படிக்கையையோ குறிப்பதால், துருவைச் சுரண்டுவதும் ஆடும் ஆணியை எடுத்துவிடுவதும் அந்தப் பதிவை அழிப்பதாகும்.

மேலும் ஓர் எச்சரிக்கை: பழைய சேகரிப்புகளில் பூச்சிகளைத் தடுக்க ஆர்செனிக், பாதரசச் சேர்மங்கள், டி.டி.டி. போன்றவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தது. அத்தகைய பொருள்களை நைட்ரைல் கையுறை அணிந்தே தொடுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: முகமூடியின் பின்புறத்தில் சிறு துளைகள் உள்ளன, அலமாரியில் மெல்லிய தூளும் விழுகிறது. பூச்சிமருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்து அடித்தால் நிறம் கறைபடும், உள்ளே இருக்கும் புழுவுக்கோ அது எட்டாது. முதலில் உளு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பொருளைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்துச் சில வாரங்கள் விட்டால், புதிய உளுத்தூள் வெளிர்நிறத்தில் குவியும்; புதிய துளையின் விளிம்பு கூர்மையாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கும். பழைய துளையிலிருந்து, பொருளை அசைக்கும்போது பழைய தூள் உதிர்வதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உளு இருப்பது உறுதியானால், மற்றப் பொருள்களிடமிருந்து உடனே பிரித்து, அமிலமற்ற மென்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையை உடனே திறந்தால் குளிர்ந்த மரத்தின்மேல் ஈரம் படிந்துவிடும். ஆகவே ஒரு நாள் முழுவதும் பையோடு அப்படியே விட்டுவிடுங்கள். கனமான வண்ணப்பூச்சு அடுக்குகள், தந்தம், ஒட்டிய பிசின் ஆகியவை உள்ள பொருள்களை உறைய வைக்கக் கூடாது. அவற்றைக் காற்றுப் புகாத உறையில் வைத்து, ஆக்சிஜனை 0.5 சதவீதத்துக்கும் கீழே இறக்கி மூன்று வாரமளவு வைத்திருப்பது நல்ல வழி. அதற்குக் கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரின் உதவி தேவை.

கேள்வி: மாலி நாட்டின் மான் உருவ மரச் சிற்பம் ஒன்றும், காங்கோவின் கூபா துணி ஒன்றும் என்னிடம் உள்ளன. இரண்டையும் சன்னலுக்கு எதிரே உள்ள சுவரில் மாட்டலாம் என்று எண்ணுகிறேன்.

பதில்: துணியை அங்கே மாட்டவே மாட்டாதீர்கள். ராஃபியா நாரால் ஆண்கள் நெய்ய, பெண்கள் அதன்மேல் வெட்டுத்தையல் போட்டு உருவாக்கும் கூபா துணிகளின் சாயம், ஒளியில் மெதுவாகவும் திரும்பாமலும் மங்கும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியையே அனுமதிக்கின்றன. திறந்தவெளி வெயிலோ ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வரை போகும். ஒளியின் கேடு கூடிக்கொண்டே போவது. எனவே சில மாதம் காட்சிக்கு வைத்து, பின் அமிலமற்ற தாளோடு ஓர் உருளையில் சுற்றிச் சில காலம் இருட்டில் ஓய்வு கொடுப்பதே சரி. ஆணியோ பசையோ கூடாது; பருத்தித் துணி போர்த்திய பலகையில் தைத்து நிறுத்துங்கள்.

மான் உருவம் பம்பாரா மக்களின் 'சிவாரா' தலையணி. உழவைக் கற்பித்த ஆற்றலின் வடிவமாகக் கருதப்படும் இது, பிரம்புத் தொப்பியில் கட்டப்பட்டு, உடல் முழுவதும் நாராடை போர்த்த இளைஞனின் தலையுச்சியில், ஆணும் பெண்ணுமாக இணையாகவே ஆடி வந்தது. இதைச் சுவரோடு ஒட்டிப் படம்போல் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தனித் தாங்கியில், கண்ணுக்குச் சற்று மேலான உயரத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு நிறுத்தினால், காற்றில் வளைந்து செல்லும் அந்தக் கொம்புகளைச் செதுக்கியவர் எப்படிக் காண நினைத்தாரோ அப்படியே காணலாம். தாங்கிக் கம்பி மரத்தில் படும் இடத்தில் மென்மையான திண்டு இருக்கட்டும். சிற்பத்தில் புதிதாகத் துளையிடவே கூடாது. ஏர்கண்டிஷனரின் காற்று நேரே படும் இடம், சமையலறையை ஒட்டிய சுவர் ஆகியவற்றைத் தவிருங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருப்பது நல்லது. ஏறி இறங்கும்போதுதான் மரம் வெடிக்கிறது.

கேள்வி: கானா நாட்டில் தங்கம் நிறுக்கப் பயன்பட்ட பித்தளை எடைக்கற்கள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கருமையே அசாந்தே வணிகர்களின் கைப்பட்ட சாட்சி. ஆனால் வெளிர்பச்சையில் தூள்போல் உதிரும் புள்ளி தெரிந்தால் அது 'வெண்கல நோய்' எனப்படும் உலோக அரிப்பு. உடனே பிரித்து, சிலிக்கா ஜெல் வைத்த உலர்ந்த பெட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வேலை மாற்றத்தால் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்கிறோம். மகொண்டே கருமரச் சிற்பம், குரங்கு ரோமம் ஒட்டிய முகமூடி, தந்த வளையல் ஆகியவற்றையும் கொண்டுபோக விரும்புகிறோம். எல்லாம் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எப்படி அனுப்புவது?

பதில்: பெட்டிக்கு முன்னால் ஆவணங்களைக் கவனியுங்கள். தான்சானியா, மொசாம்பிக் நாடுகளின் மகொண்டே சிற்பிகள் பெரிதும் செதுக்குவது 'எம்பிங்கோ' என்னும் ஆப்பிரிக்கக் கருமரம்; அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 முதல் உள்ளது. செய்து முடித்த பொருள்களில் உள்ள அந்த மரம் ஓர் அனுப்பீட்டுக்கு 10 கிலோ வரை இருந்தால் அனுமதிச் சீட்டு தேவையில்லை. குரங்கு ரோமத்துக்கு விலக்கில்லை. இத்தகைய முகமூடிகளில் காணப்படும் கொலோபஸ் குரங்கினங்களும் சைட்டீஸ் பட்டியலில் இருப்பதால் இரு நாட்டு அதிகாரிகளிடமும் முன்பே கேட்டு, அனுமதி பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். தந்த வளையலை விட்டுச் செல்லுங்கள் என்பதே என் அறிவுரை. ஆப்பிரிக்க யானை 1990இலிருந்து சைட்டீஸின் ஒன்றாம் பட்டியலில் உள்ளது. சில நாடுகளின் யானைகள் மட்டுமே பின்னர் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. எனவே பழைமைக்கான சான்று இல்லாத தந்தம் சுங்கத்தில் பறிமுதலாக வாய்ப்பு மிக அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/880 என்னும் ஒழுங்குமுறை 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளது. 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு விலை எதுவானாலும் இறக்குமதி உரிமம் வேண்டும். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டு 18,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்புள்ள மற்ற கலைப்பொருளுக்கு இறக்குமதியாளரின் உறுதிமொழி வேண்டும். உங்கள் பொருள்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று எழுதியிருப்பதால் இவை பொருந்தா. ஆயினும் அந்தக் காலத்தைக் காட்டும் பழைய ரசீதையும் படத்தையும் கையிலேயே வைத்திருங்கள்.

இனிப் பெட்டி. ஒவ்வொரு பொருளையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இருக்கும் விரிசல்களை எழுதிவைத்த பிறகு, அமிலமற்ற தாளில் சுற்றுங்கள். காற்றுக்குமிழ் உறை நேரடியாக மேற்பரப்பில் படக் கூடாது, ஏனெனில் அது வட்ட வட்டமாகத் தடம் பதிக்கும். ஒட்டுநாடா தாளின்மேல்தான், பொருளின்மேல் அன்று. ரோமம், நார்த்தாடி போன்ற தொங்கும் பகுதிகளில் எந்த அழுத்தமும் விழாதபடி, பொருளின் வலுவான பகுதியைப் பாலித்தீன் நுரைப்பலகையில் வெட்டிய குழியில் அமர்த்தி, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் இடைவெளி விட்டு வையுங்கள். வெளிப்பெட்டி பிளைவுட் அல்லாத மரப்பலகையால் ஆனதானால், அதன் உள்மையம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு இந்த நிபந்தனை இல்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் பெட்டியைத் திறக்காமல் அறையின் வெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

கேள்வி: 'நோக்' சுடுமண் தலை ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான நோக் சுடுமண் உருவங்கள், பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, கொள்ளைபோகும் ஆபத்துள்ள தொல்பொருள்களின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றவை. உரிய அனுமதியின்றி நைஜீரியாவிலிருந்து அவற்றைக் கொண்டுவருவது குற்றம். உண்மையானதாக இருந்தால் அது கொள்ளைக்குழியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அது கிடந்த மண்ணடுக்கின் செய்தி அனைத்தும் அப்போதே அழிந்துவிட்டது. பழைய துண்டுகளை ஒட்டிச் செய்த போலிகளும் ஏராளம். அபோமே அரண்மனையின் 26 பொருள்களைப் பிரான்ஸ் 2021இல் பெனின் குடியரசுக்குத் திருப்பிக் கொடுத்த இக்காலத்தில், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: பழைய சிற்பத்தின் அடியில் உள்ள கறுப்பு மரப்பீடம் பிற்காலத்தில் பொருத்தியதாம். எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்கும் முன் அதன் அடிப்பகுதியை நன்றாகப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் வாழ்ந்த ஜப்பானியக் கைவினைஞர் கிச்சிசோ இனாகாகி, ஆப்பிரிக்கச் சிற்பங்களுக்காகச் செய்த பீடங்களில் தம் முத்திரையைப் பதித்திருக்கிறார். அந்த முத்திரையோ, பழைய எண்ணோ, கிழிந்த தாள்சீட்டோ இருந்தால், சிற்பம் எப்போது யார் கையில் இருந்தது என்பதற்கு அது சான்றாகும். தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பீடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.