12 ஆண்டில் 11 பட்டம்: ஒரே பள்ளி இத்தனை முறை வென்றது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அமெரிக்காவில் ஒரே உயர்நிலைப் பள்ளி ஆண்டுக்கு ஆண்டு தேசிய கிராஸ் கன்ட்ரிப் பட்டத்தை அள்ளிக்கொண்டு போனதே, அது பயிற்சியின் வெற்றியா, வசதியான ஊரின் வெற்றியா, இல்லை பிள்ளைகளைப் பிழிந்து எடுத்ததா? எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கிராஸ் கன்ட்ரியில் சேரவேண்டும் என்கிறாள், சேர்க்கலாமா?"

கிராஸ் கன்ட்ரி என்றால் ஓடுதடத்தில் இல்லாமல் புல்வெளி, குன்று, காட்டுப் பாதை வழியாக ஓடும் நெடுந்தூர ஓட்டம். நான் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பக்கம் இருக்கிறேன். என் மகள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் ஓடினாள். அதனால் நீங்கள் கேட்கும் இந்த விவாதத்தை மைதான ஓரத்திலும், கூடாரத்துக்குள் ஈரக் காலுறை பிழியும்போதும், வீடு திரும்பும் காரிலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். இங்கே அந்த விவாதம் என்றாலே ஒரு பள்ளிதான்: ஃபெயட்வில்-மேன்லியஸ். எல்லோரும் எஃப்-எம் என்பார்கள்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பள்ளி அணிகளுக்கான நைக்கி தேசிய கிராஸ் கன்ட்ரிப் போட்டி 2004-ல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் தொடங்கியது. முதல் ஆண்டு ஆண்கள் பட்டம் இல்லினாய் மாநிலத்தின் யார்க் பள்ளிக்குப் போனது. எஃப்-எம் பெண்கள் 2006-ல் வென்றார்கள். 2012 வரை விடவே இல்லை, தொடர்ந்து ஏழு. 2013-ல் கை நழுவியது. 2014 முதல் 2017 வரை மறுபடி நான்கு. ஆக 12 ஆண்டில் 11. அந்த 2014-ல் ஆண்கள் அணியும் வென்றது. ஒரே ஆண்டில் இரண்டு பட்டத்தையும் எடுத்த முதல் பள்ளி இதுதான். முடிவுப் பட்டியலில் தேடினால் பள்ளியின் பெயர் இருக்காது, மேன்லியஸ் என்ற பெயரில் ஒரு கிளப் இருக்கும். அந்தப் போட்டியில் பள்ளிப் பெயரோடு ஓட அனுமதி இல்லை என்பதால் எல்லா அணிகளும் அப்படி கிளப் பெயரில்தான் ஓடுகின்றன.

இது உண்மையான சாதனை என்பதுதான் என் பதில். வசதியும் உதவியது, கடுமையும் இருந்தது. ஆனால் இந்த விளையாட்டின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அந்த இரண்டை மட்டும் பேசினால் விஷயம் பிடிபடாது.

கணக்கு இதுதான். ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவார்கள். தூரம் 5 கிலோமீட்டர். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. ஒரே அணி முதல் ஐந்து இடத்தையும் பிடித்தால் 15, அதற்குக் கீழே போகவே முடியாது. ஆறாவது, ஏழாவது ஆளின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்தால் அந்த எதிரணியின் கூட்டுத்தொகை ஏறும். தேசியப் போட்டியில் 22 அணிகள், தனியாகத் தகுதி பெற்றவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 200 பேர் ஒரே ஓட்டத்தில். முன்னால் ஓடும் நட்சத்திரம் பத்து நொடி பிந்தினால் இரண்டு மூன்று இடம் போகும். நடுக்கூட்டத்தில் ஓடும் ஐந்தாவது பெண் அதே பத்து நொடி பிந்தினால் பதினைந்து, இருபது பேர் கடந்துவிடுவார்கள். பட்டம் அங்கேதான் போகும், அங்கேதான் வரும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பௌடின் பூங்காவுக்கு வாருங்கள். தேசியப் போட்டிக்கான நியூயார்க் தகுதிச் சுற்று அங்கேதான் நடக்கும். பெற்றோர் எல்லோரும் முடிவுக் கோட்டருகே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பயிற்சியாளர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். ஏற்றம் முடிகிற இடத்திலோ காட்டுப் பாதை திறக்கிற இடத்திலோ நின்று, கடந்து போகிறவர்களைத் தலை தலையாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதல் பெண்ணுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவள் பார்த்துக்கொள்வாள். "அறுபத்தெட்டு! உனக்கு முன்னால் ஆறு பேர் கூட்டமாகப் போகிறார்கள், கீழே இறங்குவதற்குள் பிடி!" என்று தொண்டை கிழியக் கத்துவது நாலாவது, ஐந்தாவது பெண்ணுக்குத்தான். அந்தப் பெண்ணுக்கு ஓட்டத்தில் எந்தப் புகழும் இல்லை. மறுநாள் செய்தியில் பெயர் வராது. மூச்சு முட்டும் நேரத்தில் அவள் ஏன் அந்த ஆறு பேரைப் பிடிக்க வேண்டும்? எஃப்-எம் இந்தக் கேள்விக்கு ஆண்டுக்கு ஆண்டு விடை வைத்திருந்தது. மற்ற பள்ளிகளிடம் சில ஆண்டுகளில் மட்டும் இருந்தது.

அந்த விடையைக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் பில் ஆரிஸ். அவர் எடுத்துக்கொண்ட மாதிரி பழையது. 1950-களில் ஆஸ்திரேலியாவின் போர்ட்சீ கடற்கரை மணல்மேடுகளில் ஓட்டக்காரர்களை ஏறவிட்ட பெர்சி செருட்டி என்ற முரட்டுப் பயிற்சியாளரின் வழி அது. செருட்டியின் சீடர் ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 நொடியில் உலக சாதனையோடு வென்றார். செருட்டி தன் முறைக்கு வைத்த பெயர் ஸ்டோட்டன். ஸ்டோயிக் தத்துவத்தின் பொறுமையும் ஸ்பார்ட்டா வீரர்களின் உறுதியும் சேர்ந்தது என்று பொருள். ஆரிஸ் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்: கோடை முழுவதும் சேர்ந்து ஓடுவது, குன்றுகள், எடைப் பயிற்சி, பதப்படுத்தாத சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக உனக்காக ஓடாதே, பக்கத்தில் ஓடுகிறவளுக்காக ஓடு என்ற ஒரே பாடம். பெண்களுக்கென்று தனியாகக் குறைத்து எதுவும் வைக்கவில்லை. பையன்களுக்கு என்ன எதிர்பார்ப்போ அதேதான் பெண்களுக்கும். அந்த நாட்களில் பல பள்ளிகளில் பெண்கள் அணி என்றால் ஒரு படி கீழேதான். அந்தப் பெண்களை முழு ஓட்டக்காரர்களாக மதித்ததே பாதி வெற்றி என்பது என் கருத்து. சரி, இது என் ஊகம்தான், எண்ணில் காட்ட முடியாது. ஆனால் ஆண்கள் அணி ஒரு பட்டமும் பெண்கள் அணி பதினொன்றும் எடுத்ததற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இப்போது பண விஷயம். ஃபெயட்வில், மேன்லியஸ் இரண்டும் சிரக்யூஸுக்குக் கிழக்கே உள்ள வசதியான குடியிருப்புகள். டாக்டர்கள், பேராசிரியர்கள் நிறைய. பிள்ளைகள் கோடையில் கடையில் நின்று சம்பாதிக்க வேண்டியதில்லை. தேய்ந்த காலணியை உடனே மாற்றலாம், அடிபட்டால் பிசியோவிடம் போகலாம். இதையெல்லாம் யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட புறநகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை 11 பட்டம் எடுத்தன? இந்த ஊரில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டும், ஜனவரியில் நடைபாதையில் நடக்கவே முடியாது. கலிஃபோர்னியா பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கலிஃபோர்னியா என்றதும் மக்ஃபார்லண்ட் பள்ளியைச் சொல்லியே ஆகவேண்டும். கெர்ன் கவுண்ட்டியில் பாதாம், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஏழை ஊர். ஓடிய பையன்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பெற்றோருடன் தாங்களும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பயிற்சியாளர் ஜிம் வைட் சைக்கிளில் பின்னால் வருவார். 1987-க்கும் 2001-க்கும் இடையே அந்தப் பள்ளி ஒன்பது மாநிலப் பட்டங்கள் வென்றது. பணம்தான் காரணம் என்கிறவர்கள் இந்த ஊருக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்? இன்னொரு பக்கம் யார்க் பள்ளி. ஜோ நியூட்டன் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே பயிற்சி கொடுத்து 28 மாநிலப் பட்டங்கள் வாங்கித் தந்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பையன்கள் ஓடுவார்கள், யாரையும் வெளியே அனுப்ப மாட்டார், தினமும் ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லிக் கைகொடுப்பார். அது கூட்டம் சேர்த்து வென்ற பள்ளி. எஃப்-எம் அப்படியில்லை, சிறிய குழு. பணக்கார ஊர், ஏழை ஊர், பெரிய கூட்டம், சிறிய குழு, எல்லா வழியிலும் பட்டம் வந்திருக்கிறது. மூன்று இடத்திலும் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: பல்லாண்டு இடம் மாறாத ஒரு பயிற்சியாளர், கடைசி ஆள்வரைக்கும் தன் இடம் அணிக்கு வேண்டும் என்ற நம்பிக்கை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. என்னைத் தூங்கவிடாத கேள்வியும் இதுதான். பிள்ளைகளைப் பிழிகிறார்களா?

எஃப்-எம் பற்றி நான் எந்தக் குற்றச்சாட்டும் வைக்கவில்லை. பொதுவாகப் பெண்கள் ஓட்டத்தில் உள்ள ஆபத்தைச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடத் தகுதித் தேர்வு முடித்து அனுமதி பெற்றால் பள்ளியின் முதன்மை அணியில் ஓடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் லேசாக இருக்கும், ஓட்டம் பறக்கும். பிறகு வளர்ச்சி வரும். இடுப்பு அகலும், எடை கூடும், ஓட எடுக்கும் நேரம் ஓரிரு ஆண்டு குறையாது, சில சமயம் கூடும். இது இயற்கை. பொறுத்திருந்தால் பதினேழு, பதினெட்டில் முன்பைவிட வலுவாகத் திரும்புவார்கள். அவசரப்படும் பயிற்சியாளரும் பெற்றோரும் அந்த இடைவெளியில்தான் சாப்பாட்டில் கை வைக்கிறார்கள். செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், கீறல் முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது.

எங்கள் மாநிலத்துப் பெண் மேரி கெய்ன். 17 வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். பிறகு நைக்கியின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். 2019-ல் அவர் வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தியதாகவும், மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் சொன்னார். எந்தப் பள்ளியோடும் சம்பந்தப்பட்ட கதை இல்லை அது. ஆனால் அதைக் கேட்ட பிறகு இங்கே எங்களில் பலர் பட்டத்தை எண்ணுவதற்கு முன் வேறு சிலவற்றை எண்ணத் தொடங்கினோம்.

"எஃப்-எம் பெண்கள் கல்லூரியில் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை" என்ற பேச்சும் மைதானத்தில் அடிக்கடி அடிபடும். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஐந்தாவது பெண்ணையும் தேசியத் தரத்துக்கு உயர்த்துவதுதான் அந்த முறையின் வேலை. வேறு பள்ளியில் படித்திருந்தால் அந்த ஐந்தாவது பெண் தேசியப் போட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அவள் கல்லூரியில் நட்சத்திரம் ஆகாமல் போனால் அது எப்படித் தோல்வியாகும்? கேட்கவேண்டியது வேறு: பள்ளி முடித்து ஐந்து ஆண்டு கழித்தும் அவர்கள் விருப்பத்தோடு ஓடுகிறார்களா, உடம்பு நன்றாக இருக்கிறதா? இதற்குப் பட்டப் பட்டியலில் விடை கிடையாது. எந்தப் பள்ளியும் அந்தக் கணக்கை எழுதி வைப்பதில்லை, வைக்க வேண்டும்.

அப்புறம், 2017-க்குப் பிறகு எஃப்-எம் பெண்கள் அந்தத் தேசியப் பட்டத்தை வெல்லவில்லை. அதே ஊர், அதே வசதி, அதே பனி. மற்ற பள்ளிகளும் கோடைப் பயிற்சி, எடைப் பயிற்சி, கூட்டமாக ஓடுவது எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டன என்பது என் எண்ணம். வசதிதான் காரணம் என்றால் அது இன்றும் அங்கேயே இருக்கிறதே.

இனி உங்கள் மகள். தாராளமாகச் சேருங்கள். பள்ளி எத்தனை பட்டம் வென்றது என்று பார்க்க வேண்டாம். கடந்த சில ஆண்டுகளின் அணிப் பட்டியலை இணையத்தில் எடுத்து, முதல் ஏழு பேரில் எத்தனை பேர் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு என்று பாருங்கள். எல்லோரும் எட்டாவது, ஒன்பதாவதாகவே இருந்து, பெரிய பெண்கள் ஆண்டுதோறும் காணாமல் போனால், ஏன் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். வளர்ந்த பெண்களும் அணியில் நிலைத்திருந்தால் அந்த இடத்தை நம்பலாம். ஒரு போட்டிக்குப் போய், கடைசியாக வந்த பெண்ணிடம் பயிற்சியாளர் என்ன பேசுகிறார் என்று காது கொடுங்கள்.

நம் வீடுகளில் பலர் சைவம் என்பதால் ஒன்று கூடுதலாக: ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து சீக்கிரம் குறையும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையில் கிடக்கலாம். சீசனுக்கு முன் டாக்டரிடம் கேட்டு ஃபெரிட்டின் பரிசோதனை செய்துவிடுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மாலைப் பயிற்சி முடிந்து காரில் ஏறும்போதே கையில் சாப்பிட ஏதாவது கொடுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பயிற்சி இடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்தாலோ, உடம்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னதாக அவள் வந்து சொன்னாலோ, அந்த அணி எத்தனை பட்டம் வென்றிருந்தாலும் அன்றே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.