திசுப் பொறியியலில் ஓர் இடம் – கடிதம்

வணக்கம் மேடம்,

எம்.டெக் பயோடெக்னாலஜி முடித்துப் பத்து மாதம் ஆகிறது. உடல் திசுக்களை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் திசுப் பொறியியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. எண்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். பதில் போட்டது இரண்டே பேர், இருவரும் 'இப்போது இடமில்லை' என்றார்கள். வீட்டில் ஐ.டி. வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன்.

ச., தென்காசி

அன்புள்ள ச.,

மெயிலைப் படித்தேன். எண்பது பேருக்கும் இதே மெயில்தானே போனது? எலும்பில் வேலை செய்பவருக்கும் தோலில் வேலை செய்பவருக்கும் 'உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது' என்ற ஒரே வரி. எந்த ஆய்வு, அதில் எது கவர்ந்தது என்று இல்லை. எட்டுப் பேர் போதும். அவர்களுடைய கடைசி இரண்டு கட்டுரைகளை வாசித்து, மனதில் எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் கேளுங்கள்.

அப்புறம், ஆறு மாதம் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை வளர்த்ததைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அது முதல் வரிக்கு வரவேண்டும். ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பதே அதைத்தான். செல்களுக்கு உணவான மீடியம் திரவத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ஞாயிறானாலும் தீபாவளியானாலும் வந்து நிற்கவேண்டும். திங்கள் காலை இன்குபேட்டரைத் திறந்தால், சிவப்பாக இருந்த மீடியம் மஞ்சளாகிக் கலங்கியிருக்கும். பாக்டீரியா புகுந்துவிட்டது. ஃபிளாஸ்கைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் மதிப்பெண்ணைவிட எனக்கு அது முக்கியம்.

தேடுகிற இடத்தையும் மாற்றுங்கள். பயோடெக்னாலஜி துறைகளை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. செருப்புக்கும் பைக்கும் மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். செல்களை ஏற்றி வளர்க்கும் சாரத்துக்கு (ஸ்கேஃபோல்ட்) அதைவிட இயல்பான பொருள் எது? அங்கே அந்த ஆய்வும் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், இந்தியாவிலேயே செய்த செயற்கை இதய வால்வை 1990இல் நோயாளிக்குப் பொருத்திய இடம். வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம், தஞ்சாவூரில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்.சி.) பயோ இன்ஜினியரிங் துறை என்று இன்னும் இருக்கின்றன.

பேராசிரியர் மனம் வைத்தாலும் ப்ராஜெக்டில் பணம் இருந்தால்தான் இடம். அதனால் இந்த நிறுவனங்களின் தளங்களில் வரும் ப்ராஜெக்ட் வேலை அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். தற்காலிக வேலைதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு வருடம் கை பழகினால் பிஎச்.டி. நேர்காணலில் பேச உங்களுக்கென்று விஷயம் இருக்கும்.

ஐரோப்பா பக்கம் போக நினைத்தால், அங்குள்ள ஆய்வு வேலைகளை அறிவிக்கும் யூராக்செஸ் தளத்தில், ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் பிஎச்.டி. இடங்களைத் தேடுங்கள். அது சம்பளத்தோடு வரும் வேலை. ஒரு நிபந்தனை: கடந்த 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. உங்களுக்கு அது தடையே இல்லை.

வீட்டில் பணத்தை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நெட், கேட் தேர்வுகளில் தேறியவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எட்டு மெயில்களில் முதலாவதை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.